வலது கைக்கு ஒரு குமிழ்

என் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஓசூர்க் குளிரைப் பற்றிப் பேசாமல் எழுந்திருப்பதில்லை. அந்தக் காலத்தில் மார்கழியில் வாயைத் திறந்தால் புகை வரும், தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்தால்தான் பிள்ளைகளுக்குத் தலை வார முடியும், இப்போது எங்கே அந்தக் குளிர் என்பார்கள். நானும் ஆமாம் என்பேன். ஆனால் அந்தப் பேச்சு வந்தாலே எனக்கு எழுந்து உள்ளே போய்விடத் தோன்றும். ஏன் என்பதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். எட்டாவது வரை படித்தவள், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ்வின் பெயரால் ஆரம்பிக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், எங்கள் வீட்டில் தமிழ். தண்ணீர்க் குழாயடியில் மூன்றும் சேர்ந்து சண்டை போடும். அத்தா, அதாவது அப்பா, ஒரு கம்பெனியில் டர்னர். லேத் மிஷினில் இரும்பைக் கடைவது அவர் வேலை. அண்ணன் எனக்கு எட்டு வயது மூத்தவர். மேலே படிக்கிறேன் என்றவரை அத்தாதான் இழுத்துக்கொண்டு போய் அதே கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் சேர்த்துவிட்டார். சேர்ந்த ஏழாவது மாதம், ஆவணியில், தகடு அடிக்கிற மிஷின் அண்ணனுடைய வலது கையின் மேல் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுதாகப் போயின. மோதிர விரலில் பாதி மிச்சம். கட்டைவிரலும் சுண்டுவிரலும் தப்பின.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணன் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தார். இனிமேல் அந்த கேட்டுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அத்தா அதைக் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டாவது ஷிப்டுக்குப் போனார்.

மாமு, அதாவது அம்மாவின் தம்பி, சவூதியிலிருந்து வந்தபோது கம்பளி, அத்தர் எல்லாவற்றோடும் ஒரு தூண்டில் கம்பும் அதில் மாட்டுகிற ரீலும் கொண்டுவந்திருந்தார். எங்கள் வீட்டில் மீன் பிடிக்கிறவர் யாரும் இல்லை. வந்த வழியிலேயே பெட்டிக்குள் நசுங்கி, ரீலைச் சுற்றுகிற கைப்பிடியின் நுனியில் விரலால் பிடிக்கிற குமிழ் உடைந்துபோயிருந்தது. அது இல்லாமல் மொட்டைக் கம்பியாக இரண்டு வருஷம் பீரோவுக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. கார்த்திகை பிறந்ததும் அத்தா அதை இறக்கினார்.

ஒரு சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து வைத்தார். எலுமிச்சம்பழம் அளவு, பேக்கலைட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக், தொட்டால் சில்லென்று இருக்கும். நடுவில் துளை போட்டு, அதற்குள் பித்தளையில் ஒரு புஷ் கடைந்து இறக்கியிருந்தார். புஷ் என்றால் கம்பி உள்ளே நின்று சுழலுவதற்கான சின்னக் குழாய்.

“ரெண்டு விரலுக்கு அந்தச் சின்னக் குமிழு ஆவாது. இதுன்னா உள்ளங்கையில ஒக்காந்துக்கும்” என்றார்.

“எங்க வாங்கினீங்க?” என்று அம்மா கேட்டார்.

“பஜார்ல கெடைக்குது” என்றார் அத்தா.

அத்தாவின் விரல்கள் தடித்துப் போனவை, கண்ணும் மங்கல். அதனால் அதைப் பூட்டுகிற வேலை எனக்கு வந்தது. முதலில் கைப்பிடி நுனிக் கம்பியில் கடுகளவு கிரீஸ். பிறகு ஒரு வாஷர். அதில் ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பிசிறு. வழவழப்புதான் புஷ்ஷைப் பார்த்து இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, கீழ் உதட்டில் வைத்துத் தேய்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் உருண்டை, அதற்கு மேல் இன்னொரு வாஷர், கடைசியாகத் திருகாணி. இறுக முடுக்கிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் உருண்டை தானாகப் பத்துச் சுற்றாவது சுற்றி நிற்க வேண்டும். வாரம் ஒரு தடவை சனிக்கிழமை மஃரிபு தொழுகைக்குப் பிறகு கழற்றி, மண்ணெண்ணெய்த் துணியால் பழைய கிரீஸைத் துடைத்து, புது கிரீஸ் போட்டுப் பூட்டுவேன். அத்தா கம்பெனியிலிருந்து ஒரு பொட்டு டப்பாவில் மஞ்சள் கிரீஸ் கொண்டுவந்து வைத்திருப்பார்.

அந்த ரீலில் கைப்பிடியை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மாமு கொண்டுவந்தபோது இடப்பக்கம் இருந்தது. அத்தா அதைக் கழற்றி வலப்பக்கம் போட்டார்.

“அத்தா, இடது கைதான் நல்லா இருக்குதே. அதுலயே சுத்தட்டுமே” என்றேன்.

“வலது கைதான் சுத்தணும்” என்றார். அவ்வளவுதான். நானும் மேலே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் ஒரே சைக்கிளில் கிளம்புவோம். நான் முன்கம்பியில், அண்ணன் கேரியரில் தூண்டில் கம்பை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு. தொரப்பள்ளிக்குப் போகிற ரோட்டில், ரோஜாத் தோட்டங்களைத் தாண்டி ஒரு ஏரி. கரையில் தைல மரங்கள். அத்தா கோதுமை மாவை உருட்டிக் கொக்கியில் வைப்பார். அண்ணன் இடது கையால் கம்பை வீசி, அதன் அடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது உள்ளங்கையை அந்தக் கறுப்பு உருண்டையின் மேல் கவிழ்த்துச் சுற்றுவார். நைலான் நரம்பு தண்ணீரிலிருந்து கீறிக்கொண்டு வரும்.

முதல் இரண்டு வாரம் அண்ணனுக்கு வலியில் கண்ணீர் வந்தது. மூன்றாவது வாரம் சிரிப்பு வந்தது. அங்கே எருமை மேய்க்க வருகிற ஒரு அக்கா எங்களைப் பார்த்தாலே கிண்டல்தான்.

“ஏன் பாய், கொக்கு வந்து புடிச்சுத் தின்னுட்டு வூட்டுக்கே போயிருச்சு. நீங்க இன்னும் மாவு பெசைஞ்சுக்கினு இருக்கீங்களே” என்பார்.

அண்ணன் விடமாட்டார். “மாவுக்கு எல்லாம் எங்க ஏரி மீனு மடங்கும்? மிஷின்ல போன ரெண்டு வெரலு இருந்தா கொக்கியில மாட்டி இருப்பேன்க்கா. பெரிய மீனே வந்திருக்கும்.”

அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். வீட்டுக்கு வந்து, “அத்தா என்னைத் தேத்தறதுக்கு எவ்ளோ பாடுபடறாரு பாரு பாப்பா. ஞாயித்துக்கெழமை தூக்கத்தை விட்டுட்டு” என்றார். விபத்துக்குப் பிறகு அத்தாவைப் பற்றி அண்ணன் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அம்மா அதைக் கேட்டு ரொட்டி சுடுகிற இடத்திலேயே அழுதார்.

அம்மாவுக்கும் ஒரு வைத்தியம் இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய் கொடுத்து ஓதி வாங்கி வந்திருந்தார். இஷா தொழுதுவிட்டு அண்ணன் கையை மடியில் வைத்து, அந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீவுவார். “இது பட்ட எடத்துல தெம்பு வரும். அல்லா கலாம் ஓதின எண்ணெய்” என்பார். குளிருக்கு உறைந்துவிடக் கூடாதென்று பாட்டில் எப்போதும் அடுப்பு மேடையில் இருக்கும். புதுத் தோல் இளஞ்சிவப்பாக மூடி வந்தது. கையும் மெல்ல மெல்லப் பிடிக்க ஆரம்பித்திருந்தது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை. அத்தாவுக்கு இரண்டாவது ஷிப்டு. போகும்போது, “நாளைக்கு எங்க போர்மேனு ஏரிக்கு வர்றாரு. சும்மா மீன் பாக்கறதுக்கு. நாப்பை நல்லா கிளீன் பண்ணி வெய்யி” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நாப் என்பது கம்பெனி பாஷையில் அந்தக் குமிழ். மஃரிபு தொழுதுவிட்டுக் கழற்றினேன். மண்ணெண்ணெய் போட்டு ஒரு பொட்டுக்கூட கிரீஸ் இல்லாமல் துடைத்தேன். பிறகு டப்பாவைத் திறந்தால் காலி. நகத்தால் சுரண்டினாலும் ஒன்றும் வரவில்லை.

அத்தா வரும்வரை விழித்திருந்து கேட்டிருக்கலாம். கிரீஸ் இல்லை என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வைத்திருக்கலாம். என் கண் அடுப்பு மேடைக்குப் போனது. அந்தக் கைக்குத் தெம்பு தருகிற எண்ணெய், அந்தக் கை பிடிக்கிற குமிழுக்கும் நல்லதுதானே செய்யும்? நாளைக்குப் பெரிய மனிதர் வேறு வருகிறார். அண்ணன் அவர் முன்னால் நன்றாகச் சுற்ற வேண்டும். எனக்கு அப்போது இருந்த ஈமான், அந்த நம்பிக்கை, இப்போதுகூட இருக்கிறதா என்று தெரியவில்லை. தொழுகைக்குக் கைகால் கழுவிய ஒளூவோடுதான் இருந்தேன். அல்ஹம்து சூரா ஓதி, பிஸ்மில்லாஹ் சொல்லி, புஷ் நிறைய அந்த எண்ணெயை விட்டேன். அடுப்புச் சூட்டில் அது தண்ணீராக இருந்தது. பூட்டித் தட்டினேன். உருண்டை என்றைக்கும் இல்லாத மாதிரி சுற்றியது. சந்தோஷத்தில் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன்.

காலையில் ஏரிமேல் பனி வெள்ளைத் துணி மாதிரி கிடந்தது. தண்ணீர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. போர்மேன் காதுக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தார். கன்னடக்காரர். எனக்கு ஒரு சாக்லெட் கொடுத்தார். அண்ணனிடம், “ஏனப்பா, கை எப்படி? நீ பாட்டுக்குப் புடி, நான் சும்மா வேடிக்கை” என்றார்.

அண்ணன் வீசினார். சுற்ற ஆரம்பித்தவர் முகத்தைச் சுளித்தார். “இன்னிக்கு ஒரு மாதிரி கடிக்குது” என்று முணுமுணுத்தார். குளிரில் கை விறைத்திருக்கும் என்றார் அத்தா. எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் உறைகிற எண்ணெய் ஏரிக்கரையில் உறையாமல் இருக்குமா? உள்ளே மெழுகாகக் கெட்டியாகி, கம்பியோடு உருண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது சுழலவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அண்ணன் உள்ளங்கையின் புதுத் தோல்தான் அதன்மேல் சுழன்றது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அத்தாவின் முகத்தைப் பார்த்தேன், போர்மேன் முகத்தைப் பார்த்தேன், சாக்லெட்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் மீன் இழுத்தது. அத்தனை வாரத்தில் மாட்டாத பெரிய மீன். கம்பு வில்லாக வளைந்தது. “விடாதே, சுத்து, சுத்து!” என்று அத்தா கத்தினார். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றினார். ஐந்தாவது சுற்றில் “யா அல்லா” என்று ஒரு சத்தம். தோல் உரிந்து ரத்தம் வந்துவிட்டது. இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். கம்பு அவர் கக்கத்திலிருந்து உருவிக்கொண்டு போய்ச் சேற்றில் ஒரு கோடு கிழித்து, தண்ணீருக்குள் இறங்கியது. ரீல், நரம்பு, உருண்டை எல்லாம் போயிற்று. கொஞ்ச தூரம்வரை தண்ணீர் பிளந்துகொண்டு போனது தெரிந்தது. பிறகு பனிதான்.

போர்மேன் பக்கத்தில் வந்து கையைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், பாவம் என்றுதான் சொன்னார். பிறகு அத்தாவிடம், “பாய், பையனுக்குப் புடி இன்னும் வரலியே. நானும் டிரில்லிங் மிஷினு நாப்பையே எடுத்துக் குடுத்தேன், பழகட்டும்னு. எத்தனை நாளு மிஷினைக் காலியா வெக்கறது? வேற ஆளு கேட்டுக்கினு இருக்கான். அப்புறம் நோடோணா, பாக்கலாம்” என்றார்.

அண்ணன் தலையை நிமிர்த்தினார். “எந்த டிரில்லிங் மிஷினு?”

போர்மேன் அத்தாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அத்தா, எந்த மிஷினு? அந்த உருண்டை பஜார்ல வாங்கினதுன்னு சொன்னீங்களே?”

“உன் நல்லதுக்குத்தாண்டா. பிரஸ்ஸு இல்ல, டிரில்லிங். ஒக்காந்து வலது கையால புடியைச் சுத்தற வேலை. மூணு மாசத்துல கையைத் தயார் பண்ணிக் கூட்டியாறேன்னு சாருகிட்ட வாக்கு குடுத்திருந்தேன்.”

“என்னைத் தேத்தறதுக்குக் கூட்டியாறீங்கன்னு நெனைச்சேன் அத்தா. மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்கற மாதிரி ஆளைக் கூட்டியாந்து காட்டறீங்களா?”

போர்மேன் முன்னால் மகன் அப்படிக் கேட்டதை அத்தாவால் தாங்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க அந்த வீட்டைக் கெடுத்த வார்த்தையை அப்போதுதான் சொன்னார்.

“இவன் வேணும்னே விட்டான் சார். வலது கை போச்சு, சரி. இடது கைக்கு என்னா கேடு? ரெண்டையுமா விடுவான்? வேலைக்கு வர இஷ்டமில்ல, அதான் விட்டான்.”

அண்ணன் எழுந்தார். ரத்தம் சொட்டுகிற கையோடு ரோட்டுக்கு ஏறி நடந்தே வீட்டுக்கு வந்தார். அந்த வாரமே அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் போய்விட்டார். ஒரு பழக்கடையில் நின்றார், பிறகு சொந்தமாகப் பழக்கடை வைத்தார், அங்கேயே கல்யாணம், பிள்ளைகள். ஒரு மணி நேர பஸ் தூரம். என் நிக்காஹுக்கு வந்து பந்தல் வாசலில் நின்று துஆ முடிந்ததும் போனார். அம்மா மவுத்தானபோது அடக்கத்துக்கு வந்தார். அத்தாவோடு மட்டும் பேச்சில்லை. அத்தா கேட்டவர்களிடமெல்லாம், “வேணும்னே விட்டுட்டுப் போனவன்” என்பார். அது சுற்றிச் சுற்றி அண்ணன் காதுக்கும் போகும். “என்னைப் பொய்யனாக்கினவரு” என்று அண்ணன் சொன்னதும் எங்கள் காதுக்கு வரும்.

இடையில் நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அண்ணன் போன மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். “அம்மா, ஓதின எண்ணெய் யாருக்காச்சும் கெடுதல் பண்ணுமா?”

“அஸ்தஃபிருல்லாஹ்! அப்பிடிக் கேக்கறதே பாவம் பாப்பா. வாயைக் கழுவு.”

உண்மையிலேயே போய் வாயைக் கழுவினேன். எண்ணெயைக் குற்றம் சொன்னால் அல்லாஹ்வின் வார்த்தையைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று பயம். அம்மா அதற்குப் பிறகும் அந்தப் பாட்டிலைத் துணி சுற்றி வைத்திருந்தார், மகன் வந்தால் தடவ. அவரிடம் எப்படிச் சொல்வேன்? வளர்ந்த பிறகு புத்தி வந்தது. குளிரில் உறைவது அந்த எண்ணெய்க்கு அல்லாஹ் வைத்த குணம், ஓதினதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எண்ணெயில் தப்பே இல்லை, விட்ட இடம்தான் தப்பு என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அத்தாவுக்குக் கோபம் வரும், இந்தப் பெருநாள் கழியட்டும், அவருக்கு உடம்பு தேறட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். பாவம் என்று சொன்னதெல்லாம் சாக்குதான். மகள் நல்லவள் என்று அத்தா நினைத்துக்கொண்டிருந்தார், அதை இழக்க எனக்கு மனசில்லை. அத்தாவும் பயந்துதான் அப்படிச் செய்தார் என்பது இப்போது புரிகிறது. தான் சேர்த்துவிட்ட வேலையில் மகன் கை போயிற்று. இன்னொரு வேலையில் அவனை உட்காரவைத்தால் அது சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். அதை அவர் மகனிடம் சொல்லவில்லை. நானும் என்னுடையதைச் சொல்லவில்லை. ஒரே வீட்டு ரத்தம்தானே.

போன வருஷம் அத்தா மவுத்தானார். கடைசி மூன்று மாதம் என் வீட்டில்தான் படுத்திருந்தார். ஒரு நாள் நான் கஞ்சி ஊட்டும்போது, “அவன் வேணும்னேதானே விட்டான்?” என்று என்னையே கேட்டார். நீயும் அங்கே இருந்தாயே என்கிற மாதிரி பார்த்தார். நான் அவர் வாயைத் துடைத்துவிட்டு, “அதெல்லாம் எதுக்கு அத்தா இப்ப” என்றேன். சொல்லக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது.

அண்ணன் வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அத்திப்பள்ளி பார்டரில் வண்டிகள் நின்றுபோய் இரண்டு மணி நேரம் தாமதம். வந்தவர் கபர்ஸ்தானுக்குப் போய்ப் பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. ஆட்கள் கலைந்ததும் நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலி டப்பா, எண்ணெய், ஓதினது, கரையில் வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாம்.

அண்ணன் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அத்தாகிட்ட சொன்னியா?” என்றார்.

“இல்லண்ணா.”

“ஒரு வார்த்தைகூட?”

“இல்ல.”

எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு மறுபடியும் கபர்ஸ்தானுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று கம்பி வழியாகப் பார்த்தேன். ஈர மண் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, காது கேளாதவரிடம் பேசுகிற மாதிரி குனிந்து, என்னவோ பேசிக்கொண்டே இருந்தார். அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தார்.

வெளியே வந்தவரிடம், “என்னண்ணா சொன்னே?” என்று கேட்டேன்.

“நீ சொல்லாததைத்தான்” என்றார்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டார். மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு வரவில்லை. நாற்பதுக்கும் வரவில்லை. ஒவ்வொரு நாளும் ஃபஜ்ர் தொழுதுவிட்டு அவருக்கு ஒரு தடவை போன் போடுகிறேன். கடை திறக்கிற நேரம், போன் அவர் கையில்தான் இருக்கும். முழுசாக மணி அடித்து நிற்கிறது.